டெண்டர் விடுகிற இடத்தில் கவுன்சிலரின் மச்சானும் போட்டியில் இருந்தால்

உங்களிடம் ஒரு பேவர் பிளாக் யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வைப்ரேட்டர் டேபிள், ஒரு பான் மிக்சர், ஏழெட்டு ஆட்கள், எம்-சாண்டுக்கும் சிப்ஸுக்கும் கிரஷரில் கொஞ்சம் பாக்கி. வீடு கட்டுகிறவர்கள், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று வண்டி ஓடுகிறது. அடுத்த படி ஏற நகராட்சி வேலை வேண்டும். அங்கே போய் விசாரித்தால், போன வருடம் முளைத்த ஒரு யூனிட்டுக்கே எல்லா வேலையும் போகிறது, அது வார்டு கவுன்சிலரின் மச்சானுடையது என்று டீக்கடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிகிறது, ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்த இடத்தில் நம்ம ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஸ்வீட் பாக்ஸோடு போய்க் கவுன்சிலரைப் பார்ப்பார்கள், இல்லை, கோபத்தில் ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டு நாலு இடத்துக்கு மொட்டை மனு போடுவார்கள். இரண்டிலும் வேலை கிடைக்காது. முதல் வழியில் போனால் கூடிய சீக்கிரம் நீங்களே அவருடைய பினாமி ஆகிவிடுவீர்கள், இரண்டாவதில் மானநஷ்ட நோட்டீஸ்தான் வரும்.

நான் சொல்வது ஒன்றுதான். கவுன்சிலரைப் பார்க்காதீர்கள், கையெழுத்துப் போடுகிறவரைப் பாருங்கள். டெண்டர் அறிவிப்பிலும், ஒப்பீட்டுப் பட்டியலிலும், ஒர்க் ஆர்டரிலும், முடித்த வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கிலும் கையெழுத்துப் போடுவது பொறியாளரும் ஆணையரும் அல்லது செயல் அலுவலரும். அரசியல்வாதி போனில் சொல்வார், எழுதித் தரமாட்டார். நாளைக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கை ஆட்சேபணை போட்டால் பதில் சொல்லப்போவது அந்த அதிகாரி, 17பி மெமோ (ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு) வந்தால் பணி ஓய்வு நேரத்தில் பணப்பலன் நின்று அலையப்போவதும் அவர்தான். இதை அவருக்கு மரியாதையாக, எழுத்தில், தேதியோடு ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதுதான் மொத்த வேலையும். கீழே சொல்கிற எல்லாமே அதற்கான வழிகள்தான்.

முதலில் நம்ம காகிதம்

இது சலிப்பான பகுதி, ஆனால் இதை முடிக்காமல் ஒரு மனுவும் போடாதீர்கள். நீங்கள் முதல் கடிதம் கொடுத்த வாரத்திலேயே யாராவது ஒருவர் உங்கள் யூனிட்டுக்கு ஆய்வுக்கு வருவார் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தொழில் உரிமம் புதுப்பித்திருக்கிறதா, சொத்து வரி வணிகக் கட்டணத்தில் போகிறதா இல்லை இன்னும் வீட்டுக் கட்டணத்திலேயே ஓடுகிறதா, மின் இணைப்பு சரியான டாரிஃபில் இருக்கிறதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உங்கள் தொழில் எந்த நிற வகையில் வருகிறது, அதற்கு இசைவு வாங்கியிருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெள்ளை வகைத் தொழிலுக்கு இசைவே தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். மற்ற நிறங்களுக்கு வேண்டும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிற வலைத்தளம் எல்லாம் இடைத்தரகர்கள், அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில்தான், அதனால் இதைப் படிக்கிற பெரும்பாலானவர்கள் அந்த வரம்புக்குள் தான் இருப்பீர்கள். சப்ளை செய்வதற்கு முன்னாலேயே பதிவு இருக்க வேண்டும். பில் நின்ற பிறகு போய்ப் பதிவு செய்து சிறு தொழில் சட்டத்தின் பலனைக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அப்புறம் ஆள் கணக்கு. பத்து பேர் ஆனால் இஎஸ்ஐ, இருபது ஆனால் பிஎஃப் என்று தெரிந்துகொண்டு, பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திவிட்டு மிச்ச ஆட்களைக் கையில் காசு கொடுத்து ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். எனக்குப் புரிகிறது, பத்தாவது ஆளைச் சேர்த்தால் அவர் சம்பளத்தை விட அதிகமாகக் காகித வேலை வருகிறது. ஆனால் பெரிய டெண்டர்களில் பிஎஃப், இஎஸ்ஐ பதிவுச் சான்று கேட்கிறார்கள். மறைத்து மிச்சம் பிடிக்கிற காசு, அந்த டெண்டருக்கே நுழைய முடியாமல் போவதில் கரைந்துவிடும். அதோடு, உங்கள் மேல் கை வைக்க எதிராளிக்குக் கிடைக்கிற முதல் ஓட்டையும் அதுதான். கட்டுப்பாடு ஒரு தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிற தொல்லை உங்களை அழிக்காது, உங்களுக்கு மட்டும் இருக்கிற தொல்லைதான் அழிக்கும், அந்த வித்தியாசத்தைக் காட்ட உங்கள் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்த யூனிட் யாருடையது

டீக்கடைப் பேச்சை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். பொதுவெளியில் இருக்கிற ஆவணங்களிலேயே பாதி தெரிந்துவிடும்.

அவர்கள் கொடுக்கிற பில்லிலோ பெயர்ப் பலகையிலோ ஜிஎஸ்டி எண் இருக்கும். 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பானின் நாலாவது எழுத்து, அதாவது மொத்த எண்ணில் ஆறாவது, 'பி' என்று இருந்தால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி, 'எச்' என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வணிகப் பெயருக்கு மேலே சட்டப் பெயர் என்று ஒன்று வரும், தனிநபர் நிறுவனமாக இருந்தால் அது உரிமையாளரின் சொந்தப் பெயர். பதிவு செய்த தேதியும் வரும். மூன்று வருட அனுபவம் கேட்கிற டெண்டரை பதினான்கு மாதத்துக்கு முன்னால் பதிவான நிறுவனம் எடுத்திருந்தால் அதைவிட நல்ல கேள்வி வேறு வேண்டாம். இன்னொன்று, ஒரே டெண்டரில் போட்டி போட்ட இரண்டு நிறுவனங்களின் ஜிஎஸ்டி எண்ணில் நடுவில் இருக்கிற பத்து இலக்கமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள். இதைக்கூடக் கவனிக்காமல் ஒப்பீட்டுப் பட்டியலில் மூன்று போட்டியாளர் என்று காட்டியிருப்பார்கள்.

கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர் பெயர்கள் கிடைக்கும். யூனிட் இருக்கிற சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவு செய்த குத்தகைப் பத்திரம் இருந்தால் அதிலேயே வரும். அப்புறம், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறவர்களும் சொத்து, கடன், வழக்கு விவரத்தோடு பிரமாணப் பத்திரம் கொடுத்துத்தான் நிற்கிறார்கள். எம்எல்ஏ, எம்பி என்றால் படிவம் 26. 2018-ல் லோக் பிரஹரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு அதில் வேட்பாளர், மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்தவர்கள் ஆகியோர் அரசோடு செய்திருக்கிற ஒப்பந்தங்களையும், அவர்களுக்குப் பங்குள்ள கூட்டு நிறுவனம், தனியார் கம்பெனியின் ஒப்பந்தங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்தல் ஆணையத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கட்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் பெயர், பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்று தோண்டி வாட்ஸ்அப்பில் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். அது அசிங்கம், அதோடு உங்கள் கேஸையும் கெடுக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "சொந்தக்காரனுக்கு டெண்டர் கொடுத்தது சட்டவிரோதம்" என்று எழுதிவிட்டு, அப்படி ஒரு பிரிவே காணோம் என்றதும் சோர்ந்துபோகிறார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிச் சட்டங்கள் தடுப்பது என்னவென்றால், உறுப்பினராக இருக்கிறவருக்கே அந்த உள்ளாட்சியோடு நடப்பில் இருக்கிற ஒப்பந்தத்தில் பங்கு இருக்கக்கூடாது, இருந்தால் பதவிக்குத் தகுதியில்லை. தனக்குப் பண நலன் இருக்கிற விஷயம் மன்றத்தில் வந்தால் விவாதத்திலும் வாக்களிப்பிலும் கலந்துகொள்ளக்கூடாது என்பதும் பழைய நகராட்சிச் சட்ட காலத்திலிருந்தே உள்ள கொள்கை. எம்எல்ஏ, எம்பிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 9ஏ பிரிவு. அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, வேலை செய்து கொடுக்கவோ அவர் தன் தொழில் முறையில் ஒப்பந்தம் வைத்திருந்தால் தகுதி நீக்கம்.

மச்சான், சம்பந்தி, ஒன்றுவிட்ட தம்பி எல்லாம் இந்த வலையில் சிக்கமாட்டார்கள். கண்ணி அவ்வளவு பெரியது. மத்திய பொதுப்பணித் துறையில் நெருங்கிய உறவினர் பணியில் இருக்கிற வட்டத்தில் டெண்டர் போடக்கூடாது என்று விதி உண்டு, ஆனால் அது அதிகாரியின் உறவினரைப் பற்றியது. அமைச்சர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் நடத்தை விதி இருக்கிறது, தொழில் நிர்வாகத்திலிருந்து விலகு, அரசுக்குச் சப்ளை செய்கிற தொழில் இருந்தால் உரிமையையே விட்டுவிடு என்று நன்றாகத்தான் சொல்கிறது, ஆனால் சட்ட பலம் கிடையாது.

மேல்மட்டத்தில் இது எப்படிப் போகிறது என்று இரண்டு கதை பாருங்கள். ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் முதல்வராக இருந்து சுரங்கத் துறையையும் தன்னிடமே வைத்திருந்தபோது, 2021-ல் ராஞ்சி பக்கத்தில் 0.88 ஏக்கர் கல் குவாரிக் குத்தகை அவர் பெயருக்கே வந்தது. பிஜேபி புகார் கொடுத்து, தேர்தல் ஆணையம் விசாரித்து, 2022-ல் ஆளுநருக்குக் கருத்தும் அனுப்பியது. அவர் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பதவி போகவில்லை. சுரங்கக் குத்தகை என்பது 9ஏ சொல்கிற சப்ளை ஒப்பந்தமோ வேலை ஒப்பந்தமோ ஆகாது என்று 2001-லேயே வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்து நெடுஞ்சாலைத் துறையையும் பார்த்த காலத்தில் உறவினர்களின் நிறுவனங்களுக்கு டெண்டர் போனதாக திமுகவின் ஆர்.எஸ்.பாரதி வழக்குப் போட்டார், பழனிசாமி மறுத்தார். 2018-ல் உயர்நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது, 2022-ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது, 2023-ல் உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. யார் சரி யார் தப்பு என்பதை விடுங்கள். கட்சியும் பெரிய வக்கீல்களும் சேர்ந்து நடத்தினாலே உறவுமுறை வாதம் ஐந்து வருடம் இழுத்து இப்படி முடிகிறது. பேவர் பிளாக் போடுகிற நீங்கள் அந்த வாதத்தை எடுக்காதீர்கள். நடைமுறை மீறலைப் பிடியுங்கள்.

நடைமுறையில் பிடிப்பது

இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் 2000-ல் வந்த விதிகள். சிறு ஒப்பந்தக்காரர்களில் இதைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களை அலுவலகத்தில் கொஞ்சம் வேறு மாதிரி நடத்துகிறார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் கால அவகாசம். 2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்க வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் டெண்டர் விடுகிறவருக்கு மேலே இருக்கிற அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி தர வேண்டும். மாநில டெண்டர் தளத்தில் எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்பதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏற்றி, விடுமுறை முடிந்து இரண்டு நாளில் மூடுகிற டெண்டர் எல்லாம் உண்டு.

அடுத்தது நிபந்தனைகள். ஆளுக்குத் தகுந்தபடி சட்டை தைத்திருக்கிறார்களா என்று இங்கேதான் தெரியும். "இதே நகராட்சியில் முந்தைய மூன்று ஆண்டு அனுபவம்", "20 கிலோமீட்டருக்குள் சொந்த ஹைட்ராலிக் பிரஸ்" என்றெல்லாம் வரும். சாலை வேலையில் சொந்த ஹாட் மிக்ஸ் பிளான்ட் கேட்பது மாதிரி. சில கேள்விகள் நியாயமானவைதான், பேவர் பிளாக்குக்கு ஐஎஸ் 15658 தரமும், லேசான போக்குவரத்துக்கு எம்-35, நடுத்தரப் போக்குவரத்துக்கு எம்-40 என்று வலிமையும் கேட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் பிளாக் நிற்க வேண்டும். ஆனால் "இடத்தை ஆய்வு செய்ததாக உதவிப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அது விஷம். யார் யார் டெண்டர் போடப்போகிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளவும், வேண்டாதவருக்கு "சார் சைட்ல இருக்கார், நாளைக்கு வாங்க" என்று சொல்லித் தேதியைக் கடத்தவும் அதைவிட வசதியான வழி கிடையாது.

இன்னொரு தந்திரம் பேக்கேஜ். ஐந்து தெருவுக்கு ஐந்து டெண்டர் விட்டால் ஐந்து சிறு ஒப்பந்தக்காரர்கள் வரலாம். ஐந்தையும் ஒன்றாகக் கட்டினால் தகுதித் தொகை எகிறிவிடும், ஒருவர்தான் நிற்பார். இதற்கு நேர்மாறாக, வேண்டியவருக்குச் சிறு தொகையில் டெண்டர் இல்லாமலேயே கொடுப்பதற்காக ஒரே வேலையைத் துண்டு துண்டாக வெட்டுவதும் நடக்கும். ஒரே ஊரில் இரண்டும் நடந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்.

டெண்டர் ஆவணம் பற்றி எழுத்தில் விளக்கம் கேட்க விதியில் இடம் இருக்கிறது. குற்றம் சாட்டாமல் இப்படிக் கேளுங்கள்: "நிபந்தனை எண் இன்னதன்படி உதவிப் பொறியாளரின் இட ஆய்வுச் சான்று கேட்கப்பட்டுள்ளது. இன்ன தேதியில் இன்ன நேரத்துக்கு அலுவலகம் வந்தேன், சான்று கிடைக்கவில்லை. சான்றுக்குப் பதிலாக ஒப்பந்தக்காரரின் சுய உறுதிமொழி ஏற்கப்படுமா என்பதை டெண்டர் மூடும் தேதிக்கு முன் தெரிவிக்க வேண்டுகிறேன்." பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கியது ஒன்று. முத்திரையோடு தேதி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், தேதி இல்லாத முத்திரை செல்லாக்காசு.

தோற்கப்போகிறீர்கள் என்று தெரிந்தாலும் டெண்டர் போடுங்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. "எப்படியும் அவனுக்குத்தானே போகப்போகுது, எதுக்கு இஎம்டி முடக்கணும்" என்பார்கள் (இஎம்டி என்பது டெண்டரோடு கட்டுகிற வைப்புத்தொகை). காரணம் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-வது பிரிவில் மேல்முறையீடு செய்கிற உரிமை டெண்டர் போட்டவருக்குத்தான். வெளியில் நின்று பார்த்தவருக்கு இல்லை. உத்தரவு கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம், இடைக்காலத் தடையும் கேட்கலாம். பத்து நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதனால் மேல்முறையீட்டுக் கடிதத்தின் முக்கால்வாசியை டெண்டர் போட்ட அன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, யாருடைய டெண்டரை ஏற்றார்கள், மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்ற காரணத்தை அவர்கள் பதிவு செய்து டெண்டர் இதழுக்கு அனுப்பியாக வேண்டும். விலையைத் திறப்பதற்கு முன்னால் தகுதித் தாள்களைப் பார்க்கிற டெக்னிக்கல் கவரிலேயே உங்களைத் தூக்கிவிட்டார்கள் என்றால், "தகுதியில்லை" என்ற ஒற்றை வார்த்தை போதாது, எந்தத் தாள் இல்லை என்று எழுத வேண்டும். ஆன்லைனில் ஏற்றிய தாள்களின் ஒப்புகையை நீங்கள் வைத்திருந்தால் "சான்று இணைக்கவில்லை" என்று யாராலும் எழுத முடியாது. எழுதினால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்.

மூன்றாவது, உங்கள் விலை ஒப்பீட்டுப் பட்டியலில் ஏறிவிடும். சதுர மீட்டருக்கு நீங்கள் சொன்ன தொகை எவ்வளவு, அவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று நாளைக்குத் தணிக்கைக்காரர் பார்க்க ஒரு அளவுகோல் அங்கே நிரந்தரமாக நிற்கும்.

ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) எப்படி எழுதுவது

"ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் "காரணம் கேட்பது தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

"1.4.2023 முதல் 31.3.2025 வரை நகராட்சியில் மேற்கொள்ளப்பட்ட பேவர் பிளாக் பதிக்கும் பணிகள் ஒவ்வொன்றுக்கும் கீழ்க்கண்டவற்றின் நகல்கள் வேண்டும். டெண்டர் அறிவிப்பு. ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல். ஏற்பு உத்தரவு. மன்றத் தீர்மானமும் அந்தக் கூட்டத்தின் வருகைப் பதிவும். பணி உத்தரவு. அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள். தரப் பரிசோதனை அறிக்கை. பட்டியல் தொகை வழங்கப்பட்ட தேதி. மேலும் தொடர்புடைய கோப்புகளை 2(ஜெ) பிரிவின்படி நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டுகிறேன்."

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும், மாநில அரசின் ஆன்லைன் ஆர்டிஐ தளமும் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். ஆணையத்துக்குப் போனால் காலம் ஆகும், அதை நம்பி உட்காராதீர்கள். ஆனால் கோப்பைப் பார்வையிடுவது இருக்கிறதே, அது தங்கம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் தரும்போது எடுத்துவிடுகிற குறிப்புத் தாள்கள் கோப்பில் அப்படியே இருக்கும், உதவியாளர் "விதிப்படி இல்லை" என்று எழுதிய குறிப்புக்கு மேலே வேறொருவர் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதியிருப்பது அங்கேதான் கண்ணில் படும்.

அந்தப் பட்டியலில் எதைப் பார்ப்பது? மன்றத் தீர்மானத்தன்று அந்தக் கவுன்சிலர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாரா என்பதை வருகைப் பதிவில் பாருங்கள். எம்-புக்கில் அளவெடுத்த தேதி ஒர்க் ஆர்டர் தேதிக்கு முன்னாலோ, நம்ப முடியாத அளவுக்கு அதே வாரத்திலோ இருக்கிறதா பாருங்கள். பரிசோதனை அறிக்கையில் 28 நாள் வலிமை என்று போட்டு, பிளாக் வார்த்ததிலிருந்து பில் போட்டது வரைக்கும் மொத்தமே இருபது நாள்தான் என்றால் அந்தக் கணக்கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட போட்டுவிடும். பில் தேதிகளும் முக்கியம். மற்றவர்களுக்கு எட்டு மாதம் நிற்கிற பில் ஒருவருக்கு மட்டும் பத்து நாளில் பாஸ் ஆகிறதென்றால் அது தனிக் கேள்வி. தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இப்போது கூடியிருக்கிறது, 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலை மறுக்க இடம் தருகிற ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை விரித்துவிட்டது. அதனால் ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஜிஎஸ்டியைக் கேட்டு வருவார்கள்

நீங்கள் கொஞ்சம் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்ததும் சமாதானம் பேச ஆள் வரும். "உங்க பேர்ல எடுத்துக்கலாம், வேலையை நாங்க பாத்துக்கறோம், ரெண்டு பர்சன்ட் உங்களுக்கு." கேட்கச் சும்மா கிடைக்கிற காசு மாதிரி இருக்கும். ஒர்க் ஆர்டர் உங்கள் பெயரில் வந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டியது நீங்கள். பில் தொகை முழுவதும் உங்கள் பான் எண்ணுக்கான வரிக் கணக்கில் ஏறும், வருமான வரி உங்களைக் கேட்கும். தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் உங்கள் கணக்கில், சைட்டில் யாருக்காவது அடிபட்டால் முதலாளி நீங்கள், உத்தரவாதக் காலத்தில் பிளாக் பெயர்ந்தால் கறுப்புப் பட்டியலில் வருவது உங்கள் பெயர். இரண்டு சதவீதத்துக்கு இவ்வளவும். அதோடு, நாளைக்கு அந்தக் கவுன்சிலர் மேல் விசாரணை வந்தால் பினாமி என்று எழுதப்போவது உங்களைத்தான்.

நேரடியாக லஞ்சமே கேட்டால் விஷயம் வேறு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு, கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லி அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தாலும் உண்டு. எட்டாவது நாள் ஞானம் வந்து பயனில்லை. பொறி வைப்பது எப்படி என்றால், உங்கள் நோட்டுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள், வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். சாட்சிக்கு வேறு அலுவலக ஊழியர்களைக் கூட்டி வருவார்கள். இதில் இறங்குவதென்றால் வழக்கு முடிகிற வரை வருடக்கணக்கில் சாட்சி சொல்லப் போய்வர வேண்டியிருக்கும், வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வேலை கிடைத்தபிறகு

ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது, பில் மட்டும் நகரவில்லை. 2006-ன் சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. மத்திய சிறு தொழில் அமைச்சகத்தின் தளத்தில் புகார் போட்டால், பாக்கிப் பிரச்சினைகளைத் தீர்க்கிற வசதியாக்கக் குழுவுக்குப் போகும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மண்டலக் குழுக்கள் இருக்கின்றன. தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், இதுதான் இதில் இருக்கிற பல். ஆனால் ஒரு சிக்கல், பிளாக் சப்ளை மட்டும் என்றால் தெளிவு, சப்ளையோடு பதிப்பதும் சேர்ந்தால் அது வேலை ஒப்பந்தம், இந்தச் சட்டத்தில் வராது என்று வாதாடுவார்கள், நீதிமன்றங்களும் அப்படிச் சொல்லியிருக்கின்றன. முடிந்தால் சப்ளைக்குத் தனி ஆர்டர், தனி பில் என்று வாங்கப் பாருங்கள்.

உள்ளூர் நகராட்சியையே நம்பி இன்னொரு மெஷின் வாங்காதீர்கள். மத்திய அரசு நிறுவனங்கள் குறு, சிறு தொழில்களிடம் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்று, பின்னால் திருத்தப்பட்ட 2012 ஆணை இருக்கிறது, பொருள் சப்ளைக்கு இஎம்டி விலக்கும் உண்டு. அரசு கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் ஏறிவிட்டால் உங்கள் ஊர்க் கவுன்சிலருக்குத் தெரியாத வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள், விலை அடிமட்டத்தில் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, ஆய்வுக்கு ஆள் வருகிற நாள். பதற வேண்டாம், சண்டையும் வேண்டாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பெயர், பதவி, அலுவலகம், வந்த நேரம், எந்தச் சட்டப்படி ஆய்வு என்பதை ஒரு வருகைப் பதிவேட்டில் அவரையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் மறுத்தார் என்று நீங்கள் எழுதி, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். குறை இருக்கிறது என்றால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், வாய்மொழியாகச் சொல்கிற எதற்கும் "சரிங்க சார், ஒரு லெட்டர் குடுத்துருங்க" என்பதைத் தவிர வேறு பதில் தேவையில்லை. அன்று மாலையே அவர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், "இன்று காலை 11.20-க்கு ஆய்வு செய்தீர்கள், இன்னின்ன ஆவணங்களைக் காட்டினேன், குறை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்" என்று. நகல் ஆணையருக்கு.